கிரியேட்டின் எடுக்கத் தொடங்குபவருக்கு

கிரியேட்டின் என்பது தசையில் இயல்பாகவே உள்ள ஒரு பொருள்; பயிற்சி செய்பவர்கள் அதைக் கூடுதலாகவும் எடுப்பார்கள். அதில் மோனோஹைட்ரேட் என்ற வகைத் தூளையே வாங்குங்கள். அதிகம் ஆராயப்பட்டது அதுதான். மற்ற வகைகளுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் எண்ணம்.

தினமும் 3 முதல் 5 கிராம் போதும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் கரையும். நான் காலையில் பல் தேய்த்த கையோடு குடித்துவிடுவேன், அப்போதுதான் மறக்காது. பயிற்சி இல்லாத நாளிலும் விடக்கூடாது. முதல் வாரம் நாளுக்கு 20 கிராம் எடுப்பவர்களும் உண்டு. சிலருக்கு அது வயிற்றைக் கலக்கும். அவசரம் இல்லையென்றால் 3 கிராமிலேயே நாலு வாரத்தில் தசையில் கிரியேட்டின் இருப்பு நிறைந்துவிடும்.

அப்படி என்ன பலன்? பளு தூக்கும் சில நொடிகளில், தசைக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு மளமளவென்று செலவாகும். கிரியேட்டின் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற வடிவில் சேர்ந்திருந்து அதை உடனே மீட்டுத் தரும். அந்த இருப்பு கூடினால் ஒவ்வொரு செட்டிலும் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்று) ஒன்றிரண்டு முறை அதிகமாகத் தூக்கலாம். நீண்ட தூர ஓட்டத்துக்குப் பெரிதாக உதவாது. வயதானவர்கள் எடைப்பயிற்சியோடு சேர்த்து எடுத்தால் தசை வலு கூடும். சும்மா உட்கார்ந்து குடித்தால் பலன் சொற்பம். சைவர்களுக்கு இயல்பிலேயே இருப்பு குறைவு, அதனால் மாற்றம் தூக்கலாகத் தெரியலாம்.

எடை ஒரு கிலோ ஏறினால் பதறாதீர்கள், பெரும்பாலும் நீர்தான். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரக நலனை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் (creatinine) என்ற கழிவுப்பொருளின் அளவு சற்று உயரலாம். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.