குழாய்த் தண்ணீரை வீட்டிலேயே சோதிப்பது எப்படி? இரண்டு குழாய்களிலிருந்து தொடங்குங்கள்

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல நீராகப் புறப்பட்டது நம் டம்ளருக்கு வந்து சேரும்போதும் நல்ல நீராகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பல சிறு நகரங்களில் தண்ணீர் சில மணி நேரம் வந்து நின்றுவிடுகிறது. நின்ற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இல்லாமல் போவதால், விரிசல் விட்ட இணைப்புகள் வழியாக மண்ணில் தேங்கியிருக்கும் கழிவுநீர் உள்ளே கசியக்கூடும். வந்த தண்ணீரை நாம் தொட்டியில் சேமிக்கிறோம். அங்கே நேரம் ஆக ஆகக் குளோரின் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே தண்ணீர் தெருக்குழாயிலும் கெடலாம், நம் வீட்டுத் தொட்டியிலும் கெடலாம். எங்கே கெட்டது என்று தெரியாமல் வடிகட்டி வாங்கினால் பணமும் போகும், பயமும் தீராது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: இரண்டு குழாய்களை அடையாளம் காணுங்கள்

தெருக்குழாயிலிருந்து நேராக வரும் குழாய் ஒன்று, மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஒன்று வேண்டும். சந்தேகம் இருந்தால், தண்ணீர் வரும் நேரத்தில் தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்து ஓடுவது நேர்க்குழாய். நேர்க்குழாயே இல்லாத வீடு என்றால், தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயின் வாயில் பிடித்துக்கொள்ளலாம். இனி எல்லாச் சோதனைகளையும் இந்த இரண்டு இடங்களிலும் செய்யவேண்டும்.

படி 2: கண்ணும் மூக்கும்

தண்ணீர் வரத் தொடங்கிய உடனே ஒரு கண்ணாடி டம்ளரிலும், ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்றிலும் பிடித்து, இரண்டையும் வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தானாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி, கவலை வேண்டாம். செம்பழுப்பு நிறம் பெரும்பாலும் இரும்பாலோ குழாய்த் துருவாலோ வருவது. கலங்கல் ஏறக்குறைய 4 என்டியூ (கலங்கலை அளக்கும் அலகு) அளவை எட்டும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் குளோரின் நன்றாக வேலை செய்யக் கலங்கல் 1 என்டியூவுக்குக் கீழே இருப்பதே நல்லது. ஆகவே தெளிவாகத் தெரிகிறது என்பதால் மட்டும் ஒரு நீரை நம்பிவிடக் கூடாது. சாக்கடை வாடை வந்தால் மேற்கொண்டு சோதனை எதுவும் தேவையில்லை. குடிப்பதை அப்போதே நிறுத்திவிட்டுப் புகார் செய்யுங்கள்.

படி 3: குளோரின் சோதனை

புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால், இதைத்தான் செய்யச் சொல்வேன். நீரில் எஞ்சியிருக்கும் குளோரின், வழியில் புகும் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும் காவல். வீட்டுக் குழாயை அடையும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லி கிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதிகபட்ச வழிகாட்டி அளவு 5 மில்லி கிராம். எனவே மெல்லிய குளோரின் வாசனை வந்தால் முகம் சுளிக்கவேண்டாம். எனக்கு அந்த வாசனை நிம்மதியையே தருகிறது.

டிபிடி (குளோரின் பட்டால் நிறம் மாறும் வேதிப்பொருள்) மாத்திரையோ பொடியோ உள்ள சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிறு குப்பியைச் சோதிக்கப்போகும் நீராலேயே கழுவி, கோடு வரை நிரப்பி, மாத்திரையை இட்டு மூடிக் குலுக்கினால், குளோரின் உள்ள நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். நேரம் போனால் நிறம் மாறிவிடும் என்பதால், பெட்டியில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் வண்ண அட்டையுடன் ஒப்பிட்டுவிட வேண்டும். தண்ணீரைப் பிடித்துவைத்து மாலையில் சோதிப்பதிலும் பயனில்லை, அதற்குள் குளோரின் குறைந்திருக்கும்.

இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும். நேர்க்குழாய் நீர் சிவந்து, தொட்டி நீர் நிறமே மாறாமல் நின்றால், கவனிக்கவேண்டியது உங்கள் தொட்டியை. இரண்டுமே நிறம் மாறாவிட்டால், குளோரின் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. விநியோகக் குழாயின் கடைசியில் உள்ள வீடுகளில் இது எளிதில் நேரும். இரண்டும் சிவந்தால் நல்ல அறிகுறி. ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில கிருமிகள் குளோரினுக்கு அசையாதவை என்பதால், அதை முழுச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொட்டிதான் காரணம் என்றால், அதைக் காலி செய்து, வண்டலை எடுத்து, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் (33 சதவீதக் குளோரின் உள்ளது) போட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லி கிராம் குளோரின் கிடைக்கும். பவுடரை நேராகக் கொட்டாமல், கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றவேண்டும். குழாய்களில் வாசனை வரும்வரை திறந்துவிட்டு மூடி, 24 மணி நேரம் கழித்து முழுவதும் வெளியேற்றுங்கள். அந்த நீரை யாரும் குடிக்காதபடி வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 4: டிடிஎஸ் மீட்டரை அதன் எல்லையில் வையுங்கள்

இந்தக் கருவி நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். லிட்டருக்கு 600 மில்லி கிராமுக்குக் கீழே இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது. கழிவுநீர் கலந்த நீரும் 300 என்று காட்டலாம். அந்த எண்ணைப் பார்த்து ஒரு குடும்பம் நிம்மதியாகக் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

படி 5: ஆய்வகம்

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலையே பயன்படுத்துங்கள். அதற்குள் இருக்கும் சிறிதளவு தயோசல்பேட், குளோரினை முறிப்பதற்காக வைத்தது, கழுவிவிடாதீர்கள். குழாய் முனையின் சல்லடையைக் கழற்றி, வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, பாட்டில் வாயில் விரல் படாமல் பிடித்து, குளிரவைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்கவேண்டும். 100 மில்லி லிட்டரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நகரத்தின் நீர் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வந்தால் ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் ஆகியவற்றையும் கேளுங்கள். இவற்றுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள் லிட்டருக்கு முறையே 1.5, 50, 0.01 மில்லி கிராம்.

படி 6: முடிவு வரும்வரை

நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். 2000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். கொதிக்கவைப்பது கிருமிகளைக் கொல்லும். ஆனால் நைட்ரேட்டும் ஆர்சனிக்கும் அப்படியே இருக்கும். நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவும் செய்யும்.

படி 7: புகார்

"தண்ணீர் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் எந்தப் பொறியாளருக்கும் தேடத் தொடங்க இடம் கிடைக்காது. தேதி, நேரம், தண்ணீர் வரத் தொடங்கி எத்தனை நிமிடம் கழித்துப் பிடித்தது, நேர்க்குழாயில் குளோரின் எவ்வளவு, அக்கம்பக்கத்தில் எத்தனை வீடுகளில் இதே நிலை என்பவற்றை எழுதுங்கள். பழுது பார்த்துவிட்டதாகத் தகவல் வந்த பிறகு, அதே இரண்டு குழாய்களில், அதே நேரத்தில், மீண்டும் ஒருமுறை குளோரினைச் சோதித்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே புதிய எண்ணையும் குறித்துவையுங்கள்.