ஒசாகாவின் மின்பாகு: புதன்கிழமை மட்டும் போகாதீர்கள்

ஜப்பானில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை என்று எங்கோ படித்தது மனதில் பதிந்துவிட்டது. பெரும்பாலும் அது சரியும்கூட. அதை நம்பித் திங்களை கியோத்தோ கோயில்களுக்கு ஒதுக்கிவிட்டு, புதன் காலை மின்பாகு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். மோனோரயிலை விட்டு இறங்கி, பாலத்தைத் தாண்டிப் பூங்கா வாசலுக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. மின்பாகுவுக்கு வார விடுமுறை புதன். அது இருக்கும் பூங்காவும் பெரும்பாலான புதன்களில் திறப்பதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சூரியக் கோபுரம் என்ற பிரம்மாண்டச் சிற்பம் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. மறுநாள் திரும்பப் போனேன்.

மின்பாகு என்பது தேசிய இனவியல் அருங்காட்சியகத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த சுருக்கப் பெயர். 1970 உலகக் கண்காட்சி நடந்த திடலில் 1977இல் திறந்தார்கள். ராஜா ராணி நகை பார்க்கப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். படகு, மீன்கூடை, முகமூடி, கலப்பை என்று உலகம் முழுக்கச் சாதாரண மக்கள் புழங்கிய சாமான்கள்தான் இங்கே.

1. நாளை முடிவு செய்யுங்கள்

புதன் வேண்டாம். டிசம்பர் 28 முதல் ஜனவரி 4 வரையும் வேண்டாம். காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள், 4.30க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். மேப் ஆப் காட்டும் நேரத்தை நான் இப்போது நம்புவதே இல்லை. அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் நாட்காட்டி இருக்கிறது, அதைப் பாருங்கள்.

(பின்சேர்க்கை: "நான் போக வேண்டியது வியாழன்தானே, பிரச்சினை இல்லையே?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். முந்தின நாள் புதன் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்துவைத்து, வியாழனன்று மூடிவிடுவார்கள். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

2. ரயில்

ஒசாகாவின் மையப் பகுதியான உமேதாவிலிருந்து மிதோசுஜி மெட்ரோ தடத்தில் வடக்கே போகும் வண்டி. எல்லா வண்டியும் கடைசி வரை போகாது. நகாட்சுவிலோ ஷின்-ஒசாகாவிலோ நின்றுவிடுவதும் உண்டு. பலகையில் "மினோ-கயானோ" என்று போட்டிருக்கிற வண்டியில் ஏறி, சென்ரி-சூஓவில் இறங்குங்கள். பழைய குறிப்புகளில் சென்ரி-சூஓதான் கடைசி நிலையம் என்று இருக்கும்; 2024 மார்ச்சில் தடத்தை நீட்டிவிட்டார்கள். தூங்கிப்போனால் எழுப்ப ஆள் கிடையாது. அங்கிருந்து மோனோரயிலில் இரண்டாவது நிறுத்தம், பம்பாகு-கினென்-கோஎன். கியோத்தோவிலிருந்து வருபவர்கள் ஹான்கியூ ரயிலில் மினாமி-இபராகிக்கு வந்து மோனோரயில் பிடிக்கலாம். டிக்கெட் மெஷின் முன் சில்லறை எண்ணுவதெல்லாம் வீண் வேலை; முன்பணம் ஏற்றித் தட்டிவிட்டுப் போகும் இகோகா கார்டு ஒன்று போதும்.

3. வாசல்

பூங்காவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் பூங்கா வாசலிலேயே அருங்காட்சியக டிக்கெட்டை வாங்கினால், பூங்கா வழியாகச் சும்மா நடந்து போகலாம். ஜன்னலில் முதல் வார்த்தையாக "மின்பாகு" என்று சொல்லிவிடுங்கள். நான் விரலை மட்டும் நீட்டிப் பூங்கா டிக்கெட்டையும் வாங்கித் தொலைத்தேன்.

பிறகு சூரியக் கோபுரத்தைத் தாண்டுங்கள். ஒகாமோட்டோ தாரோ வடித்தது, 70 மீட்டர் உயரம். முன்னால் இரண்டு முகம் தெரியும். தாண்டியபின் திரும்பிப் பார்த்தால் முதுகில் மூன்றாவதாக ஒரு கறுப்புச் சூரியன். அதை முதுகுக்குப் பின்னால் விட்டு வடக்கே, கொஞ்சம் இடப்பக்கமாக நடந்தால் கட்டடம் வந்துவிடும். நிலையத்திலிருந்து கால்மணி நேர நடை.

4. உள்ளே

நான் சொதப்பிய இன்னொரு இடம் இது. ஓசியானியாவில் (பசிபிக் தீவுகள், ஆஸ்திரேலியா பக்கம்) தொடங்கி அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று கிழக்குப் பக்கமாகவே உலகத்தைச் சுற்றி ஜப்பானில் முடிகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். மதியம் வந்தால் ஆசியாவுக்குள் நுழையும்போதே மூடும் அறிவிப்பு வந்துவிடும். 10 மணிக்கே வாருங்கள். முடியாதா, மூன்று பகுதிகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். என் தேர்வு: ஓசியானியா, இசை, ஐனு (வட ஜப்பானின் பழங்குடி மக்கள்).

ஓசியானியாவில் செச்செமேனி என்ற பாய்மரப் படகு நிற்கிறது. 1975இல் மைக்ரோனீசியாவின் சதாவால் தீவுக்காரர்கள் திசைகாட்டி எதுவும் இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே ஒகினாவா வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் ஓட்டிவந்த படகு. இங்கே பெரும்பாலான பொருள்களுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடையாது. பக்கத்தில் போய் நின்று, பலகைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும் விதத்தை நிதானமாகப் பாருங்கள். நான் இருபது நிமிடம் நின்றேன். கைவைக்காதீர்கள், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம்.

இசைப் பகுதியில் சீவாளி வைத்து ஊதும் கருவிகளைக் கூட்டமாக வைத்திருக்கிறார்கள். நம் நாகஸ்வரத்துக்குப் பங்காளிகள். ஜப்பானில் ராமென் நூடுல்ஸ் விற்கும் வண்டிக்காரர் தெருவில் ஊதிய சாருமேராவும் அந்தக் கூட்டம்தான். பெயர் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. கால் வலித்தால் வீடியோடெக் என்ற படம் பார்க்கும் இடத்தில் உட்காருங்கள், வேண்டிய படத்தைத் தேர்ந்து பார்க்கலாம்.

பின்சேர்க்கை 2: கோபுரத்துக்குள் போக முடியுமா என்று கேட்கிறார்கள். 2018 மார்ச்சிலிருந்து முடியும், ஆனால் அதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும். நான் செய்யவில்லை, இரண்டு நாளும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.