பதினோரு இரவு, ஒரே கோடு: வியட்நாமைச் சிக்கனமாகச் சுற்றி வர

டைரியின் கடைசிப் பக்கத்தில் நான் முதலில் எழுதிய வியட்நாம் திட்டத்தில் ஒன்பது ஊர்கள் இருந்தன. சாபா, ஹா லாங், தாலாத் எதையும் விடவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதுல நாம எந்த ராத்திரி தூங்கப்போறோம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதன்பின் ஊர்களை விட்டுவிட்டு இரவுகளை எண்ணத் தொடங்கினேன். பதினோரு வரி போட்டு, ஒவ்வொன்றிலும் அன்று எங்கே படுக்கிறோம் என்று மட்டும் எழுதினேன். கடைசியில் மிஞ்சியது இது: ஹனோய் 2, நின் பின் 2, ரயில் 1, ஹுவே 1, ஹோய் ஆன் 3, சைகோன் 2. ஒற்றை இரவு ஊர் ஒன்றுக்கு மேல் வந்தால் எதையாவது அடித்துவிடுங்கள். பெட்டி கட்டி அவிழ்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

முருங்கைக்காய் மாதிரி நீண்ட நாடு அது. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை மட்டும் 1,726 கி.மீ. அதனால் ஹனோயில் இறங்கி, சைகோனில் விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் தேடுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும், திரும்ப ஹனோய் வரை போகும் செலவு மிச்சம். சைகோனுக்கு டிக்கெட்டில் ஹோ சி மின் நகரம் என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

மாதம் முக்கியம். அக்டோபர், நவம்பரில் நடு வியட்நாமில் மழை கொட்டும். ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் புகுவதும் உண்டு. சந்திரப் புத்தாண்டான டெட் சமயத்தில் ஊரே ஊருக்குப் போகும், ரயிலில் இடம் கிடைக்காது. நாங்கள் மார்ச்சில் போனோம்.

இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர். இங்கேதான் நான் சொதப்பினேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்க, விண்ணப்பத்தில் பழக்க தோஷத்தில் இனிஷியல் மட்டும் போட்டுவிட்டேன். கட்டிய பணம் திரும்ப வராது. மறுபடி 25 டாலர். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள்.

அங்கே பணம் டாங். மூன்று சைபரை அடித்துவிட்டு மூன்றரையால் பெருக்கினால் கிட்டத்தட்ட ரூபாய்க் கணக்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், இருபதாயிரம் நோட்டும் ஐந்து லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். ஹனோயில் இளநீருக்கு அக்கா நீட்டியது ஐந்து லட்சம். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே அதை அவள் கையில் திருப்பி வைத்து, பர்ஸிலிருந்து சரியான நோட்டைத் தானே உருவிக்கொண்டார். பின்பக்கம் கூரை போட்ட பாலம் இருந்தால் அது இருபதாயிரம். ஹோய் ஆனில் அந்தப் பாலத்தையே நேரில் பார்க்கலாம். நாங்கள் பெரிய நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துவிட்டோம்.

நின் பின்னில் சாங் ஆன் படகுச் சவாரியை விடாதீர்கள். சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு அடியில் குகைக்குள்ளேயே படகு போகும், தலை குனிய வேண்டும். அப்புறம் ஹுவே போக ஹனோய்க்குத் திரும்ப வேண்டியதில்லை. இரவு ரயிலை நின் பின் ஸ்டேஷனிலேயே பிடிக்கலாம், ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சம். ஆறு பேர் படுக்கும் பெட்டி மலிவு. ஆனால் மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. கீழ் படுக்கைக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை.

ஹுவேயிலிருந்து தா நாங் வரை பகல் ரயில்தான். ஹாய் வான் மலையைச் சுற்றி, கடலை ஒட்டியே போகும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம்; டிக்கெட் எடுக்கும்போதே பார்த்து எடுங்கள். ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது, தா நாங்கில் இறங்கி சுமார் 30 கி.மீ. சாலையில் போக வேண்டும். ஹோய் ஆனில் மூன்று இரவு எதற்கு என்றால், ஒரு காலை மீ சோனுக்கு. அந்தப் பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட சாம் இனத்து மன்னர்கள் கட்டிய சிவன் கோயில்கள், செங்கல்லில். பாதிக்கு மேல் இடிந்து கிடக்கின்றன. அமெரிக்கக் குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. வெயிலுக்கு முன் போய்விடுங்கள்.

சாப்பாடு பற்றி அக்காதான் பேச வேண்டும், அவள் சைவம். கீரைப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். சைவக் கடைப் பலகையில் 'chay' என்கிற சொல் இருக்கும். உச்சரிப்பு என்னவோ நாம் சலித்துக்கொண்டு 'ச்சை' என்பது மாதிரிதான். அமாவாசை, பௌர்ணமிக்கு அங்கேயும் நிறைய பேர் சைவம். ஹுவேயில் அக்கா மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

தா நாங்கிலிருந்து சைகோனுக்கு ரயிலில் பதினேழு மணி நேரம் போல ஆகும். நாங்கள் விமானம் எடுத்தோம், முன்கூட்டிப் போட்டதால் மலிவு. கைப்பை 7 கிலோ தாண்டினால் அந்த மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

கடைசி நாள் இரவு விமானம் என்றால், பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு, பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். வியட்நாம் பெண்கள் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். சில பேர் சுவரில் நெற்றியை ஒட்டிவைத்து, நமக்குக் கேட்காத குரலில் அம்மனிடம் எதையோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். அக்காவும் போய் ஒரு ஓரமாக அப்படி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டதற்கு, "உன் பெட்டி ஏழு கிலோவுக்குள்ள இருக்கணும்னு" என்றாள்.