கல்லோடு ஒட்டிய பட்டுக்குழாய்: டினோடெஸ் புழுவைத் தேடிப் பார்க்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பா வட்டாரத்தில் டினோடெஸ் புழுவை, அதாவது நீரில் புழுப்பருவத்தைக் கழிக்கும் கேடிஸ் பூச்சிகளுள் ஒரு வகையின் புழுவை, தேட விரும்புவோர் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களை விட்டுவிடலாம். அங்கே அடியெல்லாம் சேறு. இதற்குத் தேவையானது கல். பத்தாங் பாடாங் ஆற்றில் வந்து சேரும் மலையோடைகளுக்குச் செல்லுங்கள். மலைப்பக்கம் கருத்திருந்தால் ஓடையில் இறங்கவே வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் கெப்பாலா ஆயர் எனப்படும் மலைமழை வெள்ளம் திடீரென வந்துவிடும்.

வெள்ளைத் தட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மெல்லிய ஓவியத் தூரிகை ஆகியவை போதும். இடுக்கியை நான் பரிந்துரைப்பதில்லை. புழுவின் மென்மையான வயிற்றை அது எளிதில் சிதைத்துவிடும்.

கையளவுக் கல் ஒன்றை எடுத்து, தட்டில் ஓடை நீரை நிரப்பி, கல் முழுவதும் மூழ்கும்படி வையுங்கள். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். நீருக்கு வெளியே குழாய் படிந்துபோய் வெறும் சேற்றுக்கோடாகத் தெரிவதால், பலர் கல்லைத் துடைத்துவிடுகிறார்கள். நீருக்குள் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தால், மணலும் பாசியும் போர்த்திய, வளைந்து நெளிந்து செல்லும் மேடு புலப்படும். கேடிஸ் பூச்சிகளில் வேறு பல வகைகளின் புழுக்கள் கூட்டைச் சுமந்து திரிய, டினோடெஸ் தன் பட்டுக்குழாயைக் கல்லோடு ஒட்டியே கட்டுகிறது. ஐரோப்பாவில் வாழும் டினோடெஸ் வேனெரி என்ற இனத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது வியப்புக்குரியது: புழுவின் கழிவிலுள்ள நைட்ரஜனால் குழாயின் மேல் பாசி செழிக்கிறது, புழு பழைய பகுதியை அதன் பாசியோடு தின்றுகொண்டே முன்பக்கம் குழாயை நீட்டிச் செல்கிறது. ஆகவே குழாய் அதற்கு வீடு மட்டுமன்று, விளைநிலமும் ஆகும்.

அடுத்து, குழாயின் ஒரு முனையைத் தூரிகையால் மெல்ல விலக்குங்கள். வெளிவரும் புழுவுக்குக் கெட்டியான தலையும், மார்பில் கணுக்களுள்ள மூன்று இணைக் கால்களும், வால்முனையில் இரு கொக்கிகளும் இருக்க வேண்டும். மார்பின் முதற்கண்டத்தில் மட்டுமே கடினமான தகடு காணப்படும். இந்த அமைப்பு வேறு சில குடும்பங்களுக்கும் உண்டு என்பதால், குழாயின் வடிவத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: தமது புழுவுக்குக் கால்களே இல்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அது பெரும்பாலும் கைரோனோமிட் என்னும் கொசு போன்ற ஈயின் புழுவாக இருக்கும். அதுவும் கல்லில் குழாய் கட்டும், ஆனால் அதற்குக் கணுக்களுள்ள கால்கள் கிடையா.

சைக்கோமையியா என்ற உறவுப் பேரினமும் இதே போன்ற குழாயைக் கட்டுவதால், புழுவை மட்டும் கண்டு பெயரை உறுதியாக எழுதிவிடாதீர்கள். குறிப்பேட்டில் ‘சைக்கோமையிடே குடும்பம்’ என்று பதிந்தால் போதும். இனத்தை உறுதிசெய்ய வளர்ந்த ஆண் பூச்சி தேவை. பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, குழாய் இருந்த பக்கம் முன்பு போலவே அமையும்படி வைத்துவிடுங்கள்.