தொடர் நாயகன் யார்? அந்தச் சண்டையை முறையாகப் போடும் வழி

எங்கள் கரையில் கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் ஃபுட்பால் தொடரில், கோப்பை யாருக்கு என்பதில் வாய்ச்சண்டைக்கு இடமில்லை. இறுதி ஆட்டத்தில் ஜெயித்த அணி தூக்கிக்கொண்டு போகும். தொடர் நாயகன் யார் என்பதில்தான் மண்டபம் முதல் தொண்டி வரை டீக்கடைகள் இரண்டுபடும். அது நல்ல சண்டை என்றே நான் நினைக்கிறேன். படிக்கிற ஒரு பையன் எப்படி ஆடினான் என்று வயதில் மூத்தவர்கள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவது அவனுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிக்கிற சண்டையாக அது முடியக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கரையில் ஃபுட்பாலுக்கான காலம் விசைப்படகுத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்பா, மாமா, சித்தப்பா எல்லாரும் கரையில் இருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் பரீட்சை முடித்து ஊருக்கு வந்துவிடுவார்கள். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். படகு போகாத நாளில் எனக்கும் வேலை குறைவு, அதனால் தொடரின் ஸ்கோர் நோட்டு என் கைக்கு வந்தது. கல்லூரி அடையாள அட்டை காட்டினால்தான் இந்தத் தொடரில் களம் இறங்க முடியும். நாயகன் விருதுக்கு ஒரு கோப்பையும் ஒரு சைக்கிளும். சைக்கிளை விடப் பெயர் பெரிது. கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்கள் அந்தப் பெயரைக் காதில் போட்டுக்கொள்வார்கள்.

முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில், இந்த விருது எதற்கு என்று எழுதிவிடுங்கள். இதைச் செய்யாததால்தான் பாதிச் சண்டை வருகிறது. ஒருவர் மனதில் 'இருப்பதிலேயே திறமைசாலி' என்று இருக்கும். இன்னொருவர் 'தன் அணியை இதுவரை இழுத்து வந்தவன்' என்று நினைத்திருப்பார். மூன்றாமவர் 'இந்தத் தொடரில் நன்றாக ஆடியவன்' என்பார். மூன்றும் மூன்று ஆட்கள். எது என்று எழுதாமல் ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசினாலும் முடியாது. எங்கள் நோட்டில் இருக்கும் வரி இது: 'இந்தத் தொடரில், ஆட்டம் இறுகிய நேரத்தில், தன் இடத்தில் நின்று அதிகம் உதவியவன்.' போன வருடம் என்ன செய்தான், பல்கலைக்கழக அணியில் இருக்கிறானா என்பதற்கெல்லாம் அந்த வரியில் இடமில்லை.

என் தங்கை மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அங்கே அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற வேறு ஆட்டம். ஆனால் அதில் கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையைச் சுற்றி நடக்கும் வாக்குவாதம் நம்ம ஊர் வாக்குவாதமேதான். 1935இல் தொடங்கிய விருது அது. முதலில் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். பத்திரிகைக்காரர்கள், ஒளிபரப்பில் இருப்பவர்கள், முன்பு அந்த விருதை வாங்கியவர்கள் வாக்களிப்பார்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும். முதல் பெயருக்கு 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. இந்த முறையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

இனி நோட்டு. கோல் அடித்தவர் பெயரும் நிமிடமும் மட்டும் எழுதினால் அது ஃபார்வர்டு ஆடுகிறவனுக்கான நோட்டு. விருதும் அவனுக்கே போகும். ஹைஸ்மன் தொடங்கி அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1997இல்தான், முதன்மையாகத் தடுப்பு ஆடும் ஒருவருக்குக் கிடைத்தது. மிச்சிகனின் சார்ல்ஸ் உட்சன். நம்ம ஆட்டத்தில் வருடத்தின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் பாலோன் தோரும் அப்படித்தான். 1963இல் சோவியத் கீப்பர் லெவ் யாஷின் வாங்கினார். அவருக்கு முன்னும் பின்னும் எந்தக் கீப்பரும் வாங்கியதில்லை. தடுக்கிறவன் வேலையை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால் பேசும்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஆகவே நோட்டில் பக்கத்தை நெடுக்கே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும். வலது பக்கம், தனியாக வந்தவனிடமிருந்து பந்தைப் பிடுங்கியது, கோல் லைனில் நின்று வெளியே அடித்தது, கீப்பர் ஒண்டிக்கு ஒண்டி நின்று காப்பாற்றியது, கையில் இருந்த பந்தை யாரும் நெருக்காமலே எதிரிக்குக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்போதைய ஸ்கோர். 4-0 என்று போய்க்கொண்டிருக்கும்போது பிடுங்கின பந்தும் 1-1இல் கடைசி ஐந்து நிமிடத்தில் பிடுங்கின பந்தும் ஒரே கோடாக நோட்டில் இருக்கக் கூடாது.

அடுத்து காற்று. இதை வேறு ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், நம்ம கரையில் ஆடியவருக்குத் தெரியும். மே மாதம் மத்தியானம் தாண்டினால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்து வீசும். எங்கள் மைதானம் தென்கடலிலிருந்து வடகடல் பக்கமாக நீண்டு கிடக்கிறது. தென்கடலுக்கு முதுகு காட்டி ஆடும் அணிக்குக் காற்று பின்னால் நின்று தள்ளும். நடுக்கோட்டிலிருந்து தூக்கி அடித்த பந்து கீப்பர் தலைக்கு மேல் போய் விழும். எதிர்ப்பக்கத்திலிருந்து அதே அடி அடித்தால் பந்து மேலே நின்று, திரும்பி, அடித்தவன் காலருகே வந்து விழும். மணலும் கண்ணில் அடிக்கும். அதனால் ஒவ்வொரு கோலுக்கும் பக்கத்தில் 'தெ' அல்லது 'வ' என்று ஓர் எழுத்து போடுகிறேன். தென்கடல் பக்க கோலில் போட்டது காற்றை எதிர்த்துப் போட்டது. வடகடல் பக்க கோலில் போட்டது காற்றோடு போனது. கீப்பருக்கு இது தலைகீழ். வடகடல் பக்கம் நின்று காப்பாற்றியவனுக்குத்தான் நான் இரண்டு கோடு போடுவேன். அவன் வேகமாக வருகிற, நடுவில் வளைகிற பந்தைப் பிடித்திருக்கிறான்.

போன தொடரில் இந்த எழுத்து பேச்சின் போக்கையே மாற்றியது. கீழக்கரைப் பக்கத்து ஒன்பதாம் நம்பர் ஏழு கோல். அவனுக்கு எதிராகப் பாம்பன் பையன், நாலாம் நம்பர், ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவன். ஒரு கோல்கூட இல்லை. ஒன்பதாம் நம்பருக்காக ஒரு காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆரம்பித்தார், பாம்பன்காரர் ஒருவர் பதில் சொன்னார்.

"ஏழு கோல் மாப்ள, ஏழு! இதுக்கு மேல என்ன பேச்சு?"

"காக்கா, ஏழும் எப்ப போட்டான்னு நோட்டப் பாத்துட்டுப் பேசுவோமே."

பார்த்தோம். நாலு கோல் ஒரே ஆட்டத்தில், எதிரணிக் கீப்பர் கையைப் பிசகிக்கொண்டு வெளியே போன பிறகு. ஐந்துக்குப் பக்கத்தில் 'வ'. அதற்காக அவன் சாதாரண ஆட்டக்காரன் என்று அர்த்தம் இல்லை. அரையிறுதியில் தன் அணி 0-1 என்று பின்தங்கியபோது, எதிர்க்காற்றில், இடது காலால் தரையோடு தரையாகப் போட்டான் பாருங்கள், அதுதான் அந்தத் தொடரின் சிறந்த கோல். தூக்கி அடித்தால் காற்று தின்றுவிடும் என்று தெரிந்து பந்தைக் கீழேயே வைத்துக்கொண்டான். நோட்டு அவனைக் குறைக்கவில்லை. அவனுடைய எந்தக் கோலைப் பற்றிப் பேச வேண்டும் என்று காட்டியது. ஸ்டாப்பர் பக்கம் திருப்பினால், வலது பத்தி முழுக்கக் கோடு, அதில் பெரும்பாலானவை ஸ்கோர் சமமாக இருந்த நேரத்தில்.

நோட்டிலும் ஏறாத ஒன்று இருக்கிறது. ஒரு நல்ல ஸ்டாப்பர் பந்தைத் தொடாமலே வேலையை முடித்துவிடுவான். அவன் நிற்கிற இடத்தைப் பார்த்தே எதிரி அந்தப் பக்கம் பாஸ் கொடுக்க மாட்டான். இதைப் பார்க்க ஒரே வழி, பந்தை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் அவனை மட்டும் பார்ப்பது. முதலில் கஷ்டமாக இருக்கும், கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். பழகிக்கொள்ளுங்கள். பேச்சுக்கு வருகிற ஒவ்வொரு பையனையும் இப்படிப் பத்து நிமிடமாவது பார்த்தவர்தான் வாக்களிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அரையிறுதியையும் இறுதியையும் மட்டும் பார்த்துவிட்டு வந்து உட்காருபவர் டீ குடிக்கலாம், வாக்கு கிடையாது. சொந்தக்காரருக்கும் கிடையாது. அப்பா, மாமன், மச்சான் எல்லாரும் வந்து பேசட்டும், தடையில்லை. அவர்களைவிட அந்தப் பையனை யார் பார்த்திருப்பார்கள்?

அணி தோற்றால் ஆளும் தோற்றானா என்ற கேள்வி கட்டாயம் வரும். 1956இல் ஹைஸ்மன் வாங்கிய பால் ஹார்னங் ஆடிய நோட்டர் டேம் அணி அந்த வருடம் இரண்டே ஆட்டம் ஜெயித்து எட்டில் தோற்றது. அப்படியும் கொடுத்தார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் கால் இறுதியில் வெளியேறிய அணியில் இருந்தான் என்பதற்காக ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கவும் விட மாட்டேன். நல்ல அணியில் ஆடுகிறவனுக்கு நல்ல பாஸ் வருகிறது, ஆட்டமும் அதிகம் கிடைக்கிறது. கோலை மொத்தமாகப் பார்க்காமல் ஆடிய ஆட்டத்தால் வகுத்துப் பாருங்கள்.

நடத்தையைப் பற்றியும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிதான் இத்தாலிக்காரர் மாட்டெராட்சியைத் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். அந்தத் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அவருக்குத்தான் போனது. சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். எங்கள் விதி எளிது: நேரடிச் சிவப்பு அட்டை என்றால் பெயர் பட்டியலில் இல்லை. மஞ்சள் அட்டை பரவாயில்லை. ரெஃப்ரியைக் கெட்ட வார்த்தை சொன்னவனுக்கும் பெயர் இல்லை. விதி கடுமைதான். எல்லோரும் படிக்கிற பிள்ளைகள், அதைக் கேட்டுக்கொண்டு தம்பி தங்கைகள் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேச உட்காரும்போது ஒரு முறையைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். தன் ஆளைப் பற்றி வாயைத் திறக்கும் முன், எதிர் ஆளுக்குச் சாதகமாக இருப்பதிலேயே வலுவான காரணத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நம்பருக்காக நின்ற காக்கா போன முறை ஸ்டாப்பரைப் பற்றிச் சொன்னது இது: "அவன் இருந்த பக்கம் எங்க பய ஒரு தடவகூட திரும்பி ஷாட் அடிக்கல. வெளிய வெளியவே தள்ளிக்கிட்டுப் போனான்." அந்த ஒரு வாக்கியம், பாம்பன்காரர்கள் அரை மணி நேரம் பேசியதைவிட ஸ்டாப்பருக்கு அதிகம் உதவியது. காரணம், அதைச் சொன்னவர் அவனுடைய ஆள் இல்லை.

இரண்டு வேலை செய்பவனை எப்படி எடை போடுவது என்றும் கேட்பார்கள். 2024இல் ஹைஸ்மன் கொலராடோவின் டிராவிஸ் ஹண்டருக்குப் போனது. அந்த ஆட்டத்தில் தாக்குபவர்கள் வேறு, தடுப்பவர்கள் வேறு. அவர் இரண்டு பக்கமும் ஆடினார். இரண்டாவதாக வந்த பாய்ஸி ஸ்டேட் வீரர் ஆஷ்டன் ஜென்டி ஒரே வேலையைச் செய்தார், ஓடினார். ஆனால் ஒரு பருவத்தில் அவரளவு ஓடியவர்கள் மிகச் சிலர். எனக்கு ஜென்டி பக்கம்தான் மனம் போகிறது. தங்கை மகன் ஹண்டர் கட்சி. எங்கள் தொடரில் கீப்பர் அடிபட்டால் கிளவுஸை மாட்டிக்கொண்டு நிற்கும் ஹாஃப், அதாவது நடுக்களத்தில் ஆடுகிறவன், உண்டு. அவனைப் பாராட்டுங்கள். வாக்கு மட்டும் வேலையின் தரத்துக்குப் போகட்டும்.

கடைசியில் வாக்கு. மூன்று பெயர், துண்டுச் சீட்டில், கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். போன முறை ஒன்பது பேர் வாக்களித்தோம். ஒன்பதாம் நம்பருக்கு நாலு முதலிடம், ஸ்டாப்பருக்கு மூன்று, ஏர்வாடிப் பக்கத்துக் கீப்பர் ஒருவனுக்கு இரண்டு. பழைய முறையென்றால் ஃபார்வர்டுக்குக் கொடுத்து முடித்திருப்போம். ஆனால் ஸ்டாப்பரை முதலில் எழுதாத ஆறு பேரும் அவனை இரண்டாவதாக எழுதியிருந்தார்கள். ஸ்டாப்பர் 21, கீப்பர் 16, ஃபார்வர்டு 15.

"நாலு முதலிடம் வாங்குனவன் எப்புடிண்ணே மூணாவது?" என்று ஒரு தம்பி கொதித்துப் போய் வந்தான். நியாயமான கேள்வி. 1956 ஹைஸ்மனிலும் இதேதான் நடந்தது. முதலிட வாக்கு அதிகம் வாங்கியவர் ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்ட், அவர் வந்தது மூன்றாவது இடம். நாலு பேர் ஒருவனை உச்சியில் வைத்தார்கள், மற்ற ஐந்து பேரில் மூவர் மூன்றாவதாக எழுதினார்கள், இருவர் எழுதவே இல்லை. ஒன்பது பேரும் முதல் இரண்டு இடத்துக்குள் எழுதிய ஒரே பெயர் ஸ்டாப்பர். சீட்டுகளைத் தம்பி முன்னால் பரப்பி, அவனையே கூட்டச் சொன்னேன். மூன்று தடவை கூட்டினான். கோபம் போகவில்லை, கணக்கை மட்டும் ஒத்துக்கொண்டான். அது போதும்.

புள்ளி சமமானால் என்ன என்பதும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். எங்களுக்கு, ஸ்கோர் சமமாக இருந்தபோது யாருக்குக் கோடு அதிகமோ அவன்.

தேதி விஷயத்தில் கவனம். இறுதி ஆட்டத்தை ஜூன் முதல் வாரம் தாண்ட விடாதீர்கள். அதற்குப் பிறகு ஐஸ் ஏற்றுவதும் வலை ஏற்றுவதுமாக ஆள் கிடைக்காது, வாக்காளர்கள் பாதிப் பேர் படகில் நிற்பார்கள். ஹைஸ்மன் வாக்கெடுப்பு, சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் பிளே ஆஃப் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. இறுதி ஆட்டம் முடிந்து கால் மணி நேரம் கழித்துச் சீட்டுக் கொடுங்கள். கடைசி கோலின் கூச்சல் அடங்க அந்தக் கால் மணி நேரம் வேண்டும்.

மைக்கில் அறிவிக்கும்போது பெயருக்கு முன் காரணத்தைச் சொல்லுங்கள், எந்த ஆட்டம், என்ன ஸ்கோர், என்ன செய்தான் என்று. இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வரி, அவர்கள் அம்மா அப்பா காதில் விழும்படி. பிறகு புள்ளிப் பட்டியலையும் நோட்டுப் பக்கத்தையும் படமெடுத்து எல்லா ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். வாக்களித்தவர்கள் பெயரோடு போடுங்கள், அவரவர் எழுதிய மூன்று பெயரும் தெரியட்டும். அதற்குச் சம்மதிக்காதவருக்கு அடுத்த வருடம் சீட்டுக் கொடுக்காதீர்கள்.