புதிய பாடசாலைக்குப் போகும் மலையகப் பிள்ளைக்குச் சித்திர நாவல் எழுதும் முறை

இலங்கையின் 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து ஹட்டன் நகரப் பாடசாலையின் 6ஆம் தரத்துக்குப் போகும் சிறுமியைக் கதைத்தலைவியாகக் கொள்ளுங்கள். முதல் நாளை அவசரமாகக் கடக்காதீர்கள்; பனி விலகாத காலையில் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து) இறங்கி வரும் அவளுடைய வெள்ளைச் சப்பாத்தில் சேறு அப்பியிருப்பதையும், வகுப்பறை வாசலில் ஒரு காலை மற்றக் காலின் பின்னால் அவள் மறைத்து நிற்பதையும் முழுப்பக்கச் சித்திரமாக்குங்கள். சித்திரம் காட்டுவதை எழுத்து மீண்டும் சொல்லக் கூடாது. சப்பாத்து படத்தில் இருந்தால், வீட்டு முகவரியைச் சொல்ல அவள் தயங்கும் கணம் எழுத்தில் இருக்கட்டும். தோழி கிடைப்பதைச் சில அத்தியாயங்கள் தள்ளிப்போடுங்கள், ஏனெனில் தனியே சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் அந்த இடைவேளைதான், என் கணிப்பில், இக்கதையின் உயிர். 16 பக்கங்களாக மடியும் அச்சுத்தாளுக்கு ஏற்ப மொத்தப் பக்கங்களை 64 அல்லது 80 என 16இன் மடங்காக முன்பே தீர்மானியுங்கள். எழுதி முடித்ததும் 10 வயதுப் பிள்ளையொன்றை உரக்க வாசிக்கச் செய்து, தடுமாறும் வரிகளைத் திருத்துங்கள்.