மிஞ்சிய மெழுகைப் புது மெழுகுவத்தி ஆக்குவது எப்படி?

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது, பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலும் இந்தக் கரையைத்தான் தேடி வந்தது. ஐப்பசி பிறந்தால் மெழுகுவத்தி வாங்கி வைக்காத வீடு இங்கே குறைவு. எரிந்து மிஞ்சும் அடித்துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அரை கிலோ சேர்ந்தால் 100 மில்லி அளவில் ஐந்து வத்தி வார்க்கலாம்.

கண்ணாடிக் குப்பியில் ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் சுருங்கித் தானே கழன்றுவிடும். வெள்ளை தனி, கலர் தனி. எல்லாவற்றையும் சேர்த்தால் சேற்று நிறம்தான் வரும். ரப்பர் போல நெளியும் ஜெல் மெழுகைச் சேர்க்கவே கூடாது.

மெழுகை நேரடியாகத் தீயில் வைக்கக் கூடாது. வாணலியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மெழுகு போட்ட சொம்பை வைத்து, அடுப்பை சிம்மில் வையுங்கள். தண்ணீர் கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. சாதாரண மெழுகு 60 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ சீறிப் பரவும். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். கல்லறைத் திருநாளில் எடுத்து வந்த துண்டுகளில் மணல் இருக்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் போதும்.

வத்தி நன்றாக எரிவதும் எரியாததும் திரியைப் பொறுத்தது. அகல் விளக்குப் பஞ்சுத்திரி ஆகாது, மெழுகை அளவுக்கு மீறி உறிஞ்சிக் கரி கக்கும். பருத்தி நூலை மூன்று பிரியாக இறுக்கிப் பின்னுங்கள். 5 செ.மீ. அகல வத்திக்கு 2 மி.மீ. தடிமனில் தொடங்கலாம். நூல் பருத்திதானா என்று ஒரு நுனியைக் கொளுத்திப் பாருங்கள்: சாம்பலானால் பருத்தி, உருண்டு மணியாகத் திரண்டால் நைலான். பின்னிய திரியை உருகிய மெழுகில் போட்டு, குமிழி வருவது நின்றதும் எடுத்து நேராக இழுத்து ஆறவிடுங்கள். எரியும்போது சுடரைச் சுற்றிக் குழி விழுந்து, ஓரத்து மெழுகு உருகாமல் நின்றால் திரி மெலிது. புகைந்தால் தடிமன், அல்லது நீளம்; அரை சென்டிமீட்டருக்கு நறுக்குங்கள்.

அச்சுக்கு டீக்கடை பேப்பர் கப்பே நல்லது, கடைசியில் கிழித்து எடுத்துவிடலாம். திரியின் அடியை ஒரு சொட்டு மெழுகால் கப்பில் ஒட்டி, மேல்நுனியை வாய்க்குக் குறுக்கே வைத்த ஈர்க்குச்சியில் கட்டுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, ஓரத்தில் மெல்லிய வெள்ளை ஆடை படரத் தொடங்கும்போது ஊற்ற வேண்டும். 100 மில்லி கப்புக்குச் சுமார் 80 கிராம் பிடிக்கும். ஆற ஆற மெழுகு சுருங்குவதால் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். 10 கிராம் மிச்சம் வைத்திருந்து, மறுபடி உருக்கி அதை நிரப்புங்கள். ஒரு இரவு விட்டுப் பிறகு கப்பைக் கிழிக்கலாம்.

சொம்பில் ஒட்டியதைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே பழைய பேப்பரால் துடையுங்கள். வத்திக்கு உதவாத சின்ன மெழுகுச் சில்லுகளை, மழைக்கு உப்பிப் பிடிக்கும் மரக்கதவின் விளிம்பில் தேய்த்தால் கதவு சுலபமாக நகரும்.